ரீச்சரிடம் கேளுங்கள்: பிலிப்ஸ் புரூக்ஸும் எங்கள் பிரசங்க பீடமும்

பரந்தன் வாசகர் ஒருவர்: ஜனவரி 23ஆம் திகதி பிலிப்ஸ் புரூக்ஸ் என்ற அமெரிக்கக் குருவானவரின் நினைவு நாள் என்றும், பிரசங்கம் செய்யப் பழகுகிற எல்லாரும் அவரை அறிந்திருக்க வேண்டும் என்றும் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். 1893இல் இறந்துபோன ஒரு வெள்ளைக்காரரை வன்னியில் இருக்கிற நாங்கள் ஏன் நினைக்க வேண்டும்?

வேறு சிலரும் இதையே கேட்டிருக்கிறார்கள். ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

புரூக்ஸ் எபிஸ்கோப்பல் சபைக் குருவானவர். இங்கே நாங்கள் அங்கிலிக்கன் என்று சொல்கிற சபைக் குடும்பத்தின் அமெரிக்கக் கிளை அது. 1835 டிசெம்பர் 13ஆம் திகதி பொஸ்டன் நகரில் பிறந்தார். ஹாவார்டில் 1855இல் படிப்பை முடித்த கையோடு, தான் படித்த பொஸ்டன் லத்தீன் பாடசாலையிலேயே ஆசிரியராகச் சேர்ந்தார். வகுப்பை அடக்க அவரால் முடியவில்லை. சில மாதங்களிலேயே வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். படிப்பிக்கிற வேலையில் தோற்றவன் வேறொன்றிலும் உருப்பட்டதைத் தான் கண்டதில்லை என்று அந்தப் பாடசாலைத் தலைமையாசிரியர் சொன்னதாக அவருடைய வாழ்க்கை வரலாற்றில் வருகிறது. என்னிடம் பயிற்சிக்கு வந்த இளம் ஆசிரியைமார் முதல் தவணையிலேயே அழுதுகொண்டு நின்றால், முதலில் தேத்தண்ணி கொடுப்பேன். பிறகு இந்தக் கதையைச் சொல்லுவேன்.

அதன்பின் வேர்ஜீனியாவில் உள்ள குருத்துவக் கல்லூரிக்குப் போனார். அங்கே போன புதிதில் ஒரு செபக்கூட்டத்துக்குப் போயிருக்கிறார். மாணவர்கள் உருகி உருகிச் செபித்ததைக் கேட்டு, இப்படிப்பட்டவர்கள் நடுவில் எனக்கு என்ன இடம் என்று கூனிக் குறுகிப்போனார். அடுத்த நாள் கிரேக்க வகுப்பு. அதிகமாய் உருகியவர்களில் சிலர் பாடத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் வந்திருந்தார்கள். பக்தியும் உழைப்பும் ஒன்றோடொன்று இணைக்கப்படாமல் கிடந்ததை அன்றைக்கே கண்டுகொண்டதாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். இதை இங்குள்ள இளம் பிரசங்கிமார் இன்னொருதரம் வாசித்துவிட்டு மேலே போகவேண்டும் என்பது என் விருப்பம். ஆராதனை தொடங்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது வேதப்பகுதியைத் திறந்துவிட்டு, ஆவியானவர் பேசுவார் என்று நம்பி மேடையேறுகிற வழக்கம் எங்களிடம் நிறைய இருக்கிறது.

1859இல் பிலடெல்பியாவில் பணியைத் தொடங்கினார். இரண்டு வருடம் போகமுன் அங்கே உள்நாட்டு யுத்தம் மூண்டது. அவருடைய தம்பி ஜோர்ஜ் படையில் சேர்ந்தார். 1863இல் அந்தத் தம்பி இறந்துபோனார். குண்டு பட்டு அல்ல, படைமுகாமில் கண்ட நெருப்புக் காய்ச்சலால். முகாமில் வருகிற காய்ச்சல் என்ன செய்யும் என்று எங்களுக்கு ஒருவரும் விளக்கத் தேவையில்லை.

1865 ஏப்ரலில் ஜனாதிபதி லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய உடல் ஊர் ஊராகக் கொண்டுபோகப்பட்டு, பிலடெல்பியாவில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தது. அன்று 23ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. அதே நகரத்தில் இருபத்தொன்பது வயது புரூக்ஸ் பிரசங்க பீடத்தில் ஏறினார். கொலைகாரனைத் திட்டிவிட்டு இறங்கியிருந்தால் சனம் மெச்சியிருக்கும். அவர் அதோடு நிற்கவில்லை. மனிதனை மனிதன் விலைபேசி விற்கும் அடிமைமுறைதான் அந்தத் துவக்கைத் தூக்கிக் கொடுத்தது என்று சவம் கிடக்கிற ஊரிலேயே சொன்னார். விடுதலையான கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்றும் வெளிப்படையாகப் பேசினார். சபையில் எல்லாரும் இதை விரும்பிக் கேட்டிருப்பார்கள் என்று நினைக்காதீர்கள்.

1869இல் பொஸ்டன் திரித்துவ ஆலயத்துக்கு வந்தவர், 1891 வரை அங்கேயே இருந்தார். பிறகு மசசூசெட்ஸ் மாநில ஆயராகத் தெரிவானார். அந்தத் தெரிவையும் சிலர் கடுமையாக எதிர்த்தார்கள். இவர் கொள்கையில் தளர்வானவர், மற்றச் சபையாரோடு மிஞ்சிப் பழகுகிறார் என்பது அவர்கள் சொன்ன குறை. ஆயராக இரண்டு வருடம்கூட இருக்கவில்லை. ஐம்பத்தேழு வயதில் இறந்தார். ஆலயத்துக்குள் இடம் போதாமல் வெளியே சதுக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் குளிருக்குள் நின்றார்கள். ஹாவார்ட் மாணவர்கள் பெட்டியைத் தோளில் சுமந்தார்கள். கலியாணம் செய்யாத மனிதர் அவர்.

இவ்வளவும் வாழ்க்கை. நாங்கள் அவரிடம் படிக்க வேண்டியது 1877இல் யேல் பல்கலைக்கழகத்தில் குருத்துவ மாணவர்களுக்கு அவர் ஆற்றிய எட்டு விரிவுரைகளில் இருக்கிறது. அவற்றின் சாரம் இதுதான்: பிரசங்கம் என்பது சத்தியம் ஒரு மனிதனுக்கு ஊடாக மற்ற மனிதர்களிடம் போய்ச் சேருவது. சத்தியமும் வேண்டும், அந்த மனிதனும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் அது பிரசங்கமல்ல. சத்தியம் மட்டும் போதுமென்றால் வேதாகமத்தை வாசித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆள் மட்டும் போதுமென்றால் அது பேச்சுப்போட்டி. எங்கள் பழைய போதகர் ஐயா ஒருவர், பெங்களூரில் இறையியல் படித்தவர், சனிக்கிழமைகளில் எங்களைக் கூப்பிட்டு இருத்தி இதைப் படிப்பித்தார். அவருடைய கையில் இருந்த அந்தப் பழைய புத்தகம் இடப்பெயர்வில் எங்கே போனதோ. படிப்பித்தது மட்டும் என்னிடம் இருக்கிறது.

தருமபுரத்திலிருந்து ஓர் இளைஞர்: நான் குருப்பட்டம் பெற்றவனல்ல. எங்கள் போதகர் பல சபைகளைப் பார்க்கிறபடியால் மாதத்தில் ஒரு ஞாயிறு என்னைப் பிரசங்கிக்கச் சொல்லுகிறார். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருக்கிற அம்மாமார் முன்வாங்கில் இருக்கிறார்கள். துன்பத்தைப் பற்றி நிறைய வாசித்துக் குறிப்பெடுத்துக்கொண்டுதான் போகிறேன். அவர்களின் முகத்தைக் கண்டவுடன் வாய் அடைத்துப்போகிறது. நான் என்ன செய்ய, ரீச்சர்?

தம்பி, வாய் அடைத்துப்போவது நல்லது. அந்த முகங்களுக்கு முன்னால் சரளமாகப் பேசுகிறவர்களைப் பற்றித்தான் எனக்குப் பயம்.

புரூக்ஸ் தன் மாணவர்களுக்குச் சொன்ன ஒன்றை உங்களுக்குத் தருகிறேன். வருத்தக்காரனுக்கு முன்னால் நின்று மருந்துகளைப் பற்றி விரிவுரை செய்வதுபோலத்தான் எங்களுடைய பிரசங்கங்களில் பெரும்பகுதி இருக்கிறது என்றார். விரிவுரையில் பிழையில்லை, வருத்தக்காரன் அறிந்திருந்தால் நல்லதுதான், ஆனால் விரிவுரை மருந்தல்ல, மருந்தைக் கொடுப்பதுதான் உன் வேலை என்றார். கிறிஸ்துவைப் பற்றிப் பேசுவது ஒன்று, கிறிஸ்துவைக் கொடுப்பது இன்னொன்று. உங்களுடைய குறிப்புப் புத்தகத்தில் இருப்பது துன்பத்தைப் பற்றிய விரிவுரை. அதை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

அப்படியென்றால் எதைக் கொண்டுபோவது? அவர் சொன்ன இன்னொன்றும் உண்டு. சனத்தின் வீட்டுக்குப் போகாத பிரசங்கி மெல்ல மெல்ல எட்டத்தில் நிற்கிறவனாகிவிடுவான். பிரசங்கத்துக்கு உழைக்காமல் வீடு வீடாய் மட்டும் திரிகிற போதகர் சில்லறைச் சோலிகளுக்குள் சிறுத்துப்போவார். இரண்டையும் பிரிக்கக்கூடாது. அவர் தன்னுடைய பெரிய ஆலயத்தில் இருந்துகொண்டே இதைச் செய்தார். கதவைத் தட்டின யாரையும் திருப்பி அனுப்பாத மனிதர் என்றுதான் அவருடைய ஊர் அவரை நினைத்தது.

ஆகவே கிழமை நாளில் போங்கள். வேதாகமத்தைக் கையில் தூக்கிக்கொண்டு போகவேண்டாம். அம்மா முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தால் கூட நின்று கிளறிவிடுங்கள். மகனின் பெயரைக் கேளுங்கள். எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தான், என்ன சாப்பாடு விருப்பம், கடைசியாக எந்த இடத்தில் கண்டது என்று அவர் சொல்லச் சொல்லக் கேளுங்கள். இடையில் ஆறுதல் சொல்லாதீர்கள். “வருவான் அம்மா” என்று சொல்ல உங்களுக்கு அதிகாரமில்லை. “மறந்துவிட்டு இருக்கிற பிள்ளைகளைப் பாருங்கள்” என்று சொல்லவும் அதிகாரமில்லை. “கடவுளுடைய சித்தம்” என்று மட்டும் வாய் தவறியும் சொல்லிவிடாதீர்கள். ஆட்கள் செய்ததைக் கடவுளின் தலையில் கட்டுவது பொய்ச்சாட்சி.

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் அம்மாமார் போராட்டத்தைத் தொடங்கி இருந்தபோது அங்கே போய் அவர்களோடு இருந்த போதகர்மாரை நான் அறிவேன். சிலர் மைக் பிடித்தார்கள், சிலர் பாயில் சும்மா இருந்தார்கள். சும்மா இருந்தவர்களைத்தான் அம்மாமார் இன்றைக்கும் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள்.

இனி மேடைக்கு வருவோம். என்ன வேதப்பகுதி என்று கேட்பீர்கள். இரண்டாம் சாமுவேல் இருபத்தோராம் அதிகாரத்தை எடுங்கள். ரிஸ்பாள் என்ற தாய். அவளுடைய பிள்ளைகளைத் தூக்கிலிட்டுவிட்டு அடக்கமும் செய்யாமல் மலையில் விட்டுவிட்டார்கள். அவள் இரட்டுப்புடவையைப் பாறையில் விரித்து, அறுப்புத் தொடங்கின நாளிலிருந்து மழை பெய்யுமட்டும் அங்கேயே இருந்தாள். பகலில் பறவைகளையும் இரவில் காட்டு மிருகங்களையும் அண்டவிடவில்லை. அவள் ஒரு வார்த்தை பேசினதாக வேதத்தில் இல்லை. ஆனால் அவள் அப்படி இருந்தது ராசாவின் காதுக்கு எட்டியது. தாவீது எழும்பிப் போய் எலும்புகளைச் சேர்த்து அடக்கம் செய்வித்தான். அதற்குப் பிறகுதான் தேவன் தேசத்துக்காகச் செய்யப்பட்ட விண்ணப்பத்தைக் கேட்டார் என்று எழுதியிருக்கிறது.

இதில் ஓர் இடத்தில் மிகவும் கவனமாக இருங்கள். ரிஸ்பாளுக்குத் தன் பிள்ளைகள் செத்துப்போனது தெரியும். எங்கள் அம்மாமாருக்கு அதுகூடத் தெரியாது. இந்த வித்தியாசத்தை மேடையில் நின்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால், உங்கள் பிள்ளைகள் இல்லை என்று நீங்கள் தீர்ப்பு எழுதினதாகிவிடும். ரிஸ்பாளுக்கு இருந்த நிச்சயம்கூட எங்கள் தாய்மாருக்கு மறுக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லுங்கள். அந்தத் தாயின் காவலைக் கடவுள் வேதப்புத்தகத்தில் எழுதுவித்திருக்கிறார் என்று சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும். பிறகு சபையோடு சேர்ந்து மௌனமாக நில்லுங்கள். அந்த அம்மாமார் விரும்பினால், முன்கூட்டியே அவர்களிடம் கேட்டுக்கொண்டு, பிள்ளைகளின் பெயர்களைச் செபத்தில் வாசியுங்கள்.

விசுவமடு வாசகர்: நான் மிகவும் வேகமாகப் பேசுகிறேன் என்று சபையில் குறை சொல்கிறார்கள். தொலைக்காட்சியில் வருகிற தமிழ்நாட்டுப் பிரசங்கியார் ஒருவரின் பாணியைப் பார்த்துப் பழகுகிறேன். சரியா?

புரூக்ஸும் மகா வேகக்காரர். இங்கிலாந்தில் அவர் பிரசங்கித்தபோது சுருக்கெழுத்துக்காரர் எழுதிப் பிடிக்கமுடியாமல் திணறினார்கள். ஆனபடியால் வேகம் குற்றமில்லை. சொற்கள் விளங்குகின்றனவா என்று பின்வாங்கில் இருக்கிற ஒரு கிழவியிடம் கேளுங்கள்.

பாணியைப் பார்த்துப் பழகுவதை மட்டும் இன்றைக்கே விட்டுவிடுங்கள். பெரிய பிரசங்கிமாரைப் பின்பற்றுகிறவர்களுக்கு அவர்களுடைய குறைகள்தான் ஒட்டும், பலம் ஒட்டாது என்று புரூக்ஸ் எச்சரித்தார். நான் கண்ணால் கண்டதும் அதுதான். விசுவமடுவில் பிறந்து, தோட்டத்துக்குத் தண்ணி மாறி, “வாங்கோ, இருங்கோ” என்று கதைக்கிற பிள்ளை மேடையில் ஏறினவுடன் சென்னைத் தமிழில் முழங்கினால், சனம் கேட்பது ஒலிபெருக்கியை. சத்தியம் உங்களுக்கு ஊடாக வரவேண்டும் என்றால் உங்களுடைய நாக்கும் அதற்குள் அடக்கம்.

மல்லாவியிலிருந்து சபைச் செயலாளர் ஒருவர்: எங்கள் ஆலயக் கட்டடம் சுவரோடு நிற்கிறது. பக்கத்தில் தகரக் கொட்டிலில் ஆராதனை நடத்துகிறோம். கட்டி முடித்தால்தான் சபை வளரும் என்று சிலர் சொல்லி, வீட்டுக்கு இவ்வளவு என்று விதித்துக் காசு சேர்க்கச் சொல்கிறார்கள்.

1872 நவம்பரில் பொஸ்டன் நகரத்தின் நடுப்பகுதியைத் தின்ற பெருந்தீயில் திரித்துவ ஆலயமும் எரிந்துபோனது. அதன்பின் நாலு வருடத்துக்கு மேலாகப் புரூக்ஸ் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றின் விரிவுரை மண்டபத்தில் பிரசங்கித்தார். கோபுரமில்லை, பலிபீடமில்லை, வண்ணக் கண்ணாடி இல்லை. சனம் குறையவில்லை, கூடினது. ஆலயத்துக்குள் காலடி வைக்கக் கூச்சப்பட்டவர்களும் மண்டபத்துக்கு வந்தார்கள். யேல் விரிவுரைகளை அவர் தயாரித்ததும் அந்த நாட்களில்தான். புதிய ஆலயம் 1877 பெப்ரவரியில் பிரதிஷ்டை செய்யப்பட்டது. ரிச்சட்சன் என்ற கட்டடக் கலைஞர் கட்டிய அது இன்றும் அமெரிக்காவின் மிகச் சிறந்த கட்டடங்களில் ஒன்றாக எண்ணப்படுகிறது. ஆகவே புரூக்ஸ் கட்டடத்துக்கு எதிரானவர் என்று நான் சொல்லவரவில்லை. அழகான ஆலயம் வேண்டும் என்று ஆசைப்பட்டார், கட்டினார்.

ஆனால் செட்டிகுளம் முகாமில் தறப்பாளுக்குக் கீழே ஆராதித்த சனம் நாங்கள். அங்கே சபை வளர்ந்ததை நான் கண்டேன். வீட்டுக்கு இவ்வளவு என்று விதிக்காதீர்கள். நுண்கடன் கட்டுவதற்கே கிழமைக்குக் கிழமை அந்தரப்படுகிற பெண்கள் உங்கள் சபையிலும் இருப்பார்கள். அவர்கள் ஆலயத்துக்கும் கடன்காரராகக் கூடாது. முதலில் கிணற்றைக் கட்டுங்கள், மலசலகூடத்தைக் கட்டுங்கள். கூரை போட ஆட்கள் வருவார்கள்.

மாங்குளம், பாடசாலை மாணவி: புரூக்ஸ் ஒரு கிறிஸ்மஸ் பாட்டு எழுதியவர் என்று அம்மா சொன்னா. உண்மையா?

உண்மை பிள்ளை. 1865 டிசெம்பர் 24ஆம் திகதி எருசலேமிலிருந்து குதிரையில் பெத்லகேமுக்குப் போனார். அந்த நினைவை வைத்து 1868இல் பிலடெல்பியாவில் தன்னுடைய ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்காகச் சின்னப் பெத்லகேம் ஊரைப் பற்றி அந்தப் பாட்டை எழுதினார். ஆலயத்தில் ஓர்கன் வாசித்த லூயிஸ் ரெட்னர் மெட்டமைத்தார். மாரி மழைக்குள் சேற்றில் சறுக்கிச் சறுக்கி நீங்கள் கரோல் போகும்போது பாடுகிற பாட்டுகளில் அதுவும் இருக்கும். பெரிய ஆட்களுக்கு எழுதினதல்ல, உங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு எழுதினது.

புதுக்குடியிருப்பு வாசகி: என் தங்கச்சியின் மகளுக்கு 2009இல் ஷெல் விழுந்து இரண்டு காதும் கேளாமல் போய்விட்டன. அப்போது அவளுக்கு எட்டு வயது. வாசிப்பாள், எழுதுவாள். ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்கு வந்து ஒன்றும் கேளாமல் இருந்துவிட்டுப் போகிறாள். பார்க்க எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

தங்கச்சி, ஹெலன் கெல்லரை அறிந்திருப்பீர்கள். குழந்தையிலேயே கண்ணும் காதும் போய், ஆன் சலிவன் என்ற ஆசிரியை கையில் எழுத்தெழுத்தாகத் தொட்டு மொழியைக் கற்பித்த பிள்ளை. கடவுளைப் பற்றி அந்தப் பிள்ளை கேட்கத் தொடங்கினபோது புரூக்ஸிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் ஆறடிக்கு மேல் வளர்ந்த ஆஜானுபாகு. அவருடைய மடியில் இருந்து, ஒரு கையால் அவருடைய பெரிய கையைப் பிடித்துக்கொள்ள, அவர் சொல்லச் சொல்ல ஆன் சலிவன் மற்றக் கையில் எழுதிக் காட்டினதாக ஹெலனே தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். அவர் அந்தப் பத்து வயதுப் பிள்ளைக்குக் கடிதமும் எழுதினார். கடவுள் அன்பாயிருக்கிறார், உன்னை நேசிக்கிறவர்களின் அன்பில் அவரைத்தான் நீ தொடுகிறாய் என்பதுதான் அதன் கருத்து. 1891இல் ஹெலனுக்கு ஒரு தம்பி பிறந்தபோது அவனுக்குப் பிலிப்ஸ் புரூக்ஸ் என்று பெயர் வைத்தார்கள்.

விக்டோரியா மகாராணிக்கு முன்னால் 1880இல் வின்ட்சர் மாளிகை ஆலயத்தில் பிரசங்கித்த மனிதர் அவர். எனக்கு அந்தப் பிரசங்கத்தைவிட இந்தக் கடிதம் பெரிது.

உங்கள் போதகரிடம் போய்க் கேளுங்கள். கெஞ்ச வேண்டாம், உரிமையாய்க் கேளுங்கள். பிரசங்கத்தை ஒரு தாளில் எழுதி ஆராதனைக்கு முன் பிள்ளையின் கையில் கொடுக்கட்டும். முழுவதும் எழுத நேரமில்லையென்றால் வேதப்பகுதியும் முக்கியமான ஐந்தாறு வசனங்களும் போதும். போதகர் யன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கக்கூடாது. முகத்தில் வெளிச்சம் விழுந்தால்தான் பிள்ளை உதட்டைப் பார்த்துக் கொஞ்சமாவது பிடிப்பாள். பாட்டுப் புத்தகத்தில் பக்கத்தை யாராவது விரலால் காட்டட்டும். அவளை வேதப்பகுதி வாசிக்கவும் கூப்பிடுங்கள். எட்டு வயதுவரை பேசின பிள்ளைக்குக் குரல் இருக்கும். சபை அந்தக் குரலைக் கேட்கப் பழகவேண்டும்.

வவுனியாவிலிருந்து சைவ அன்பர் ஒருவர்: நான் கோயிலில் புராண படனத்துக்குப் பயன் சொல்லுகிறவன், அதாவது படிக்கிற பாட்டுக்குப் பொருள் விளக்குகிறவன். உங்கள் பகுதியைத் தவறாமல் வாசிக்கிறேன். ஒரு கிறிஸ்தவப் பிரசங்கியாரின் பாடம் எங்களுக்கும் பொருந்துமா?

ஐயா, இந்தப் போக்குவரத்து எங்கள் மண்ணில் பழையது. ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகமத் தமிழாக்கத்துக்கு உதவினவர். பிறகு 1847 டிசெம்பர் 31ஆம் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். கிறிஸ்தவப் பிரசங்க முறையைக் கிட்ட நின்று பார்த்து, அதைச் சைவத்துக்கு ஆக்கிக்கொண்டார். புரூக்ஸ் 1882–83இல் இந்தியாவுக்கு வந்து புத்தகயாவரை போனவர். மற்றவர்களின் சமயத்தைப் போய்ப் பார்ப்பது தன் கடமை என்று நினைத்தவர். கந்தபுராணத்துக்கு நீங்கள் பயன் சொல்லும்போது, அந்தப் பாட்டு உங்களுடைய வாழ்க்கைக்கு ஊடாக வருகிறதா என்ற கேள்வி உங்களுக்கும் பொதுதான். அதற்குமேல் சைவத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

கிளிநொச்சி வாசகி: பிரசங்க பீடத்தில் பெண்கள் ஏறலாமா என்று இன்னமும் எங்கள் பக்கம் வாக்குவாதம் நடக்கிறது.

புரூக்ஸ் பணியாற்றிய அதே பிலடெல்பியாவில் 1974இல் பதினொரு பெண்கள் சபையின் அனுமதிக்குக் காத்திராமல் குருப்பட்டம் பெற்றார்கள். 1976இல் எபிஸ்கோப்பல் சபை பெண்களின் குருத்துவத்தை ஏற்றுக்கொண்டது. இலங்கையிலும் பெண் குருமார் பலிபீடத்தில் நிற்கிறார்கள். யுத்தத்துக்குப் பிறகு வன்னியில் பல வீடுகளைத் தலைமையேற்று நடத்துகிறவர்கள் பெண்கள். அவர்களுக்கு ஊடாக வருகிற சத்தியத்தைக் கேட்கமாட்டேன் என்கிற சபைக்குப் பாதி சத்தியம்தான் கிடைக்கும்.

அக்கராயனிலிருந்து குருத்துவக் கல்லூரிக்குப் போக ஆயத்தமாகும் தம்பி: புரூக்ஸ் பேசிய யேல் மேடையில் எங்கள் ஆட்கள் யாராவது ஏறியிருக்கிறார்களா?

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன் தம்பி. ஏறியிருக்கிறார். டி. ரி. நைல்ஸ். தெல்லிப்பழையில் 1908இல் பிறந்தவர், மெதடிஸ்த திருச்சபைப் போதகர், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் அதிபராகவும் இருந்தவர். புரூக்ஸ் 1877இல் பேசிய அதே லைமன் பீச்சர் விரிவுரை வரிசையில் 1957இல் நைல்ஸ் பேசினார். பிரசங்கம் செய்வது எப்படி என்று அமெரிக்கக் குருமாருக்கு ஒரு யாழ்ப்பாணத் தமிழர் படிப்பித்தார்.

உலகத் திருச்சபைகளின் மன்றம் 1948இல் அம்ஸ்டர்டாமில் தொடங்கினபோது தொடக்க நாளில் பிரசங்கித்தவர்களில் அவரும் ஒருவர். அப்போது நாற்பது வயது. 1968இல் சுவீடனின் உப்சாலா நகரில் அதே மன்றம் கூடியது. அங்கே தொடக்கப் பிரசங்கம் செய்ய இருந்தவர் மார்ட்டின் லூதர் கிங். ஏப்ரலில் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அந்த இடத்தில் நின்று பேச அழைக்கப்பட்டவர் நைல்ஸ். அதற்கு நூறு வருடத்துக்கு முன் லிங்கனின் சவம் கிடந்த ஊரில் புரூக்ஸ் ஏறின மேடையையும், கிங் வராமல்போன மேடையில் நைல்ஸ் ஏறினதையும் நான் எப்போதும் சேர்த்தே நினைப்பேன். இரண்டு பேரும் கொலைக்குப் பிறகு பேச வேண்டியிருந்தது. இரண்டு கொலைக்கும் வேர் ஒன்று.

நற்செய்தி சொல்வது என்பது, சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று ஒரு பிச்சைக்காரன் இன்னொரு பிச்சைக்காரனுக்குச் சொல்வது என்று நைல்ஸ் விளக்கினார். கொடுக்கிறவனாக மேடையில் நிற்காதே, நீயும் பசித்தவன்தான் என்பது அதன் பொருள். அவர் 1970இல் வேலூரில் இறந்தார்.

நீங்கள் பிலிமத்தலாவைக்குப் போகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அங்கே போனவுடன் கல்லூரி நூலகத்தில் இவர்கள் இருவருடைய விரிவுரைகளையும் கேட்டுப் பாருங்கள். ஆங்கிலம் முதலில் கடினமாகத்தான் இருக்கும். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று அகராதியோடு இருந்து வாசியுங்கள். போகுமுன் கிளிநொச்சிக்கு வந்தால் என்னிடம் உள்ள வகுப்புக் குறிப்புகளைப் போட்டோக்கொப்பி எடுத்துத் தருவேன். சனிக்கிழமை பின்னேரங்களில் வீட்டில்தான் இருப்பேன்.